கீழ்க் கீலைப் பற்ற வைத்த நாள்

என் அக்காவின் வீட்டு வாசல் கதவை அவள் கொழுந்தன்மார் இருவரும் கோடாலியால் பிளந்தது ஒரு பகல் பொழுதில். தெருவில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். கதவைப் பிளந்து உள்ளே போனவர்கள், தறியில் உட்கார்ந்திருந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி வாசலில் எறிந்தார்கள். மூத்தவன் அவள் விலாவில் மிதித்தான். இளையவன் திரும்ப உள்ளே போய், தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலை அரிவாளால் ஒரே வீச்சில் அறுத்தான். ஒரு சேலைக்கு வேண்டிய அத்தனை நூலும் சுருண்டு அவன் காலில் விழுந்தது. அதை உதறிவிட்டு வெளியே வந்தான்.

"ஆடி முடியிறதுக்குள்ள நீயாப் போயிரு மதினி. இல்லன்னா நாங்க தூக்கிக்கிட்டுப் போய் வைக்க வேண்டியிருக்கும்" என்றான்.

எங்கே வைப்பார்கள் என்று அவன் சொல்லவில்லை. சுடுகாட்டைத்தான் சொல்கிறான் என்று தெருவில் எல்லோருக்கும் விளங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கீழ ரத வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அந்த வீடு. அத்தான் தன் சம்பாத்தியத்தில் கட்டியது. அவர் காய்ச்சலில் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை கிடையாது. பிள்ளையில்லாத விதவைக்கு வீடு எதற்கு என்பது தம்பிமாரின் பேச்சு. அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று முதலில் நயமாகச் சொன்னார்கள். பிறகு கல்லெறிந்தார்கள். கடைசியில் கோடாலி வந்தது.

அவள் ஏன் போகவில்லை என்று இப்போதும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவளுடையது குழித்தறி. வீட்டுத் தரையில் பள்ளம் தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. கட்டைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். குழியை எடுத்துக்கொண்டு போக முடியாது. எங்கள் அம்மா வீடு ராஜபாளையத்தில் ஒற்றை அறை. அதில் குழி தோண்ட இடமில்லை. தறி இல்லையென்றால் அவளுக்குச் சோறு இல்லை, யார் வீட்டிலாவது கையேந்த வேண்டும். அதனால் அந்த வீடுதான் அவளுக்கு எல்லாம்.

செய்தி கேட்டு நான் போனபோது, அவள் விலாவைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் குழிக்குள்தான் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடும்போது முகம் சுளித்தது. வா என்றுகூடச் சொல்லவில்லை.

"மரக்கதவு வேண்டாம்ப்பா. இரும்புல போட்டுத் தா" என்றாள்.

போலீசுக்குப் போகலாம் என்றேன். போனால் ஆடி முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள், இன்றைக்கே வந்துவிடுவார்கள் என்றாள். வாசலின் அகலத்தையும் உயரத்தையும் கயிற்றால் அளந்துகொண்டு கிளம்பினேன்.

நான் அதிகம் பேசாதவன். பெண் பார்க்கப் போன வீட்டில் என் பெயரைக்கூட என் மாமாதான் சொன்னார். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, ராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் நான்கு தகரத்தைச் சாய்த்து ஒரு வெல்டிங் பட்டறை போட்டிருந்தேன். முகத்தை மூடிக்கொண்டு செய்கிற வேலை, நெருப்பு பறக்கும்போது யாரும் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதாலேயே அது எனக்கு ஒத்துப்போனது.

ஆனால் சாதுவான வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரும்பு அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கும். தென்காசி ரோட்டில் ஒருவர் காலி பெயிண்ட் தின்னர் டிரம்முக்குக் கைப்பிடி வைக்கப் போனார். மூடியைத் திறக்காமல் வெல்டிங் ராடால் தொட்டார். டிரம்மின் அடித்தகடு பிய்த்துக்கொண்டு பறந்து அவர் கீழ்த்தாடையை எடுத்துக்கொண்டு போனது. நான் ஓடிப் பார்த்தபோது அவர் உட்கார்ந்த நிலையிலேயே இருந்தார், கண் திறந்திருந்தது, வாய் இருக்க வேண்டிய இடத்தில் நாக்கு மட்டும் தொங்கியது. வீட்டில் வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். டிரம்மோ டேங்கோ, எத்தனை வருடம் காய்ந்து கிடந்தாலும் காலி என்று நம்பாதீர்கள். வாயைத் திறந்து, வெல்டிங்கில் பற்ற வைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் ராடை எடுக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அந்த வேலையே வேண்டாம்.

அக்காவின் கேட்டுக்கு ஆங்கிள் இரும்பில் சட்டமும் உள்ளே சதுரக் கம்பியும் போட்டேன். அலங்காரம் எதுவும் இல்லை. பூ, வளையம் என்று வைத்தால் அதுவே காலை ஊன்றி ஏறுவதற்குப் படியாகிவிடும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு கை நுழையலாம், தோள் நுழையக் கூடாது என்று கணக்கு.

சட்டத்தைக் கூட்டும்போது ஒரு மூலையை முழுதாகப் பற்ற வைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போகிறவர்கள் உண்டு. சூடு இழுத்துச் சட்டம் கோணிப் போகும். பிறகு சுத்தியலால் அடித்தாலும் நேராகாது. நாலு மூலைக்கும் முதலில் பொட்டு, அதாவது ஒரு துளிப் பற்று மட்டும் வைக்க வேண்டும். குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கயிற்றைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே நீளம்தானா என்று பார்த்த பிறகு, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடிக்க வேண்டும். துரு, பெயிண்ட், சுண்ணாம்பு எதுவும் இருக்கக் கூடாது. இரும்பு வெள்ளையாக மின்னும்வரை தேய்க்க வேண்டும். அழுக்கின் மேல் வைத்த பற்று பார்வைக்குத் தடிப்பாக இருக்கும், ஒரு உதைக்குத் தாங்காது. நான் அந்தக் கேட்டின் ஒவ்வொரு இணைப்பையும் கசடு தட்டி, பிறகு சம்மட்டியால் ஓங்கி அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் இளையவனின் மண்டையைத்தான் நினைத்துக்கொண்டேன். விடாத இணைப்பை மட்டும் விட்டுவைத்தேன்.

வாடகை வண்டியில் கேட்டையும் வெல்டிங் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போனேன். கொத்தனார் வாசலின் இரண்டு பக்கமும் சுவரைக் குடைந்து, ஆங்கிள் நிலையை சிமெண்டில் பதித்தார். சிமெண்ட் இறுகும்வரை ஈரச் சாக்கைச் சுற்றி வைத்துக் காத்திருக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போது பக்கத்தில் பற்ற வைத்தால் சூட்டில் வெடித்து உதிர்ந்துவிடும். அந்த நாட்களில் நான் உடைந்த கதவுப் பலகைகளை வாசலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அதன் மேலேயே முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தேன்.

கேட்டில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் கேட்டைத் தூக்கிக் கழற்றுகிற மாதிரித்தான் மாட்டுவோம். நிலையில் இருக்கும் முளை மேல்நோக்கி நிற்கும், கேட்டில் இருக்கும் குழலை அதன் மேல் இறக்கிச் சொருகுவோம். இந்த முளையும் குழலும் சேர்ந்ததுதான் கீல், மேலே ஒன்று, கீழே ஒன்று. கல்யாணத்துக்குச் சாமான் இறக்கும்போதும், பாடை வெளியேறும்போதும் கேட்டைத் தூக்கி ஓரமாகச் சாத்திவிட வேண்டும். பாடை கேட்டில் இடிக்கக் கூடாது என்பார்கள். இதைத் தெரியாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. கொழுந்தன்மாருக்கும் தெரியும். அத்தான் இறந்த அன்று பாடை போக வழிவிட்டு, சந்தில் பக்கத்து வீட்டுக் கேட்டைத் தூக்கிக் கழற்றியதே அவர்கள்தான். பூட்டை உடைக்க வேண்டாம், கம்பியை அறுக்க வேண்டாம். கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால் நான்கு விரல் உயரத்தில் கேட் கழன்று கையில் வந்துவிடும்.

அதற்கு வழி சுலபம்தான். குழலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முளையின் தலையில் ஒரு வாஷரைப் போட்டுச் சுற்றிலும் பற்ற வைத்துவிட்டால், கேட் திறக்கும், மூடும், தூக்க வராது. அக்காவிடம் சொன்னேன். அப்படிச் செய்தால் பிறகு எதற்கும் கழற்ற முடியாது என்றும் சொன்னேன்.

அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "நான் செத்தா அறுத்து எடுத்துட்டுப் போ. அப்பமும் நீதானல இருப்பே" என்றாள்.

சிமெண்ட் இறுகி, கேட்டை முளையில் இறக்கியபோது ஆடித் தேர் நாள் வந்துவிட்டது. தேர் ரத வீதிகளைச் சுற்றி வருவதற்காகக் குறுக்கே போகும் மின்சாரக் கம்பிகளைக் கழற்றிவிடுவார்கள், அதனால் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வடம் பிடிப்பதற்குள் இரண்டு கீலையும் முடித்துவிடலாம் என்று விடியும்போதே ஆரம்பித்தேன். ஆனால் ஆடிச் சாரல். மேற்கு மலையிலிருந்து வாரக்கணக்காக ஈரக் காற்று. ராடு நமுத்துப் போயிருந்தது.

ராடு நமுத்திருப்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். காய்ந்த ராடு எரியும்போது எண்ணெயில் வடை வேகிற சத்தம் வரும், ஒரே சீராக. நமுத்த ராடு கடுகு பொரிவது மாதிரி வெடிக்கும், பற்று பூராவும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அக்காவின் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு ராடுகளை அதன் மேல் அடுக்கிச் சூடு காட்டினேன். அவசரப்பட்டால் மேல்பூச்சு உதிரும். சின்னத் தீயில்தான் காய வேண்டும். அதற்கே நேரம் போய்விட்டது. மேல் கீலில் வாஷரை வைத்து ஒரே ஒரு பொட்டு வைத்தேன். மெஷின் உறுமல் அடங்கியது. கரண்ட் போய்விட்டது.

சந்தில் இருந்த சனமெல்லாம் தேர் பார்க்கப் போனது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் வேட்டும், வடம் பிடிப்பவர்களின் கோவிந்தா கோஷமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. அக்கா கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள், ஆடி முடியக்கூடக் காத்திருக்கவில்லை. மூத்தவன் கையில் அரிவாள். இளையவன் தோளில் கடப்பாரை. இரண்டு பேரும் குளித்து, திருமண் வைத்து, புது வேட்டி கட்டியிருந்தார்கள். வேலையை முடித்துவிட்டு நேரே தேருக்குப் போவதாக எண்ணம்.

மூத்தவன் கேட்டை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தான். என்னையும், தரையில் கிடந்த கேபிளையும், சத்தமில்லாமல் கிடந்த மெஷினையும் பார்த்தான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே மாப்ளே. ஆனா கரண்ட் இல்லாத வெல்டிங்காரன் கிழிஞ்ச துருத்திதான் பாத்துக்கோ" என்றான்.

இளையவன் பேச்சை வளர்க்கவில்லை. கீல் இருந்த பக்கமாகக் குத்த வைத்து உட்கார்ந்து, கேட்டின் அடிச் சட்டத்துக்குக் கீழே கடப்பாரையின் முனையைச் செருகி நெம்பினான். கேட் ஒரு விரல் அளவு எழும்பியது. மேல் கீலில் நான் வைத்திருந்த ஒற்றைப் பொட்டு டக்கென்று விட்டது. வாஷர் கழன்று என் முன்னால் விழுந்து உருண்டது.

நான் அசையவில்லை. அக்காதான் போனாள். உடைந்த விலாவோடு கேட்டின் மேல் தாவி, நடுச்சட்டத்தில் இரண்டு காலையும் ஊன்றி, மேலே கம்பிகளைப் பிடித்துத் தொங்கினாள். அவள் பாரத்தில் கேட் திரும்ப முளையில் இறங்கி உட்கார்ந்தது. கடப்பாரை நழுவி இளையவனின் முழங்காலில் இடித்தது. அவன் எங்கள் அம்மாவைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் செருகினான்.

மூத்தவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் அவள் விரல்களில் அடித்தான். இரும்பில் எலும்பு நசுங்குகிற சத்தம் கேட்டது. அவள் அந்தக் கையை எடுத்து முழங்கையை வளைத்துக் கம்பியைச் சுற்றிக்கொண்டாள். அவன் முழங்கையில் அடித்தான். கம்பி வழியே கையை விட்டு அவள் முடியைப் பிடித்து இழுத்து முகத்தைக் கேட்டில் மோதினான். அவள் வாயிலிருந்து ரத்தம் கம்பியில் வழிந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் மூச்சு போகும், மூச்சு போனால் பிடி தளரும் என்று பிறகு சொன்னாள். ஒவ்வொரு நெம்பலுக்கும் கேட் அவளையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பை உலுக்கிக் கீழே இறக்கினாள்.

அப்போது என் பின்னால் மெஷின் உறுமியது.

தேர் எங்கள் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டது போலும். கரண்ட் கொடுத்துவிட்டார்கள். கரண்ட் போனால் மெஷினின் சுவிட்சை அணைக்க வேண்டும், திடீரென்று வந்தால் ஆபத்து என்று நானே எல்லோருக்கும் சொல்வேன். அன்றைக்கு அணைக்க மறந்திருந்தேன். அந்த உறுமல்தான் என்னை எழுப்பியது. உருண்டு கிடந்த வாஷரைக் குறட்டில் கவ்வி எடுத்தேன். மேல் கீலுக்கு எட்ட முடியாது, அங்கே அரிவாள் இருந்தது. கீழ்க் கீலுக்குக் குனிந்தேன்.

வாஷரை முளைத் தலையில் பிடிக்க ஒரு கை, ராடுக்கு ஒரு கை. முகத்துக்குப் பிடிக்கும் கண்ணாடிக்கு மூன்றாவது கை இல்லை.

"அக்கா, கண்ணை இறுக்கி மூடிக்கோ. நான் சொல்றவரைக்கும் திறக்காதே" என்றேன்.

மூடினாள். அதன் பிறகு அடி எங்கிருந்து வருகிறதென்று தெரியாமலேயே வாங்கிக்கொண்டு தொங்கினாள்.

நானும் ராடின் முனையை முளையில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினேன். மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் சிவப்பாக வந்தது. காதை வைத்துப் பற்ற வைத்தேன். கடுகுச் சத்தம் வந்தால் கையைக் கொஞ்சம் நெருக்கினேன், வடைச் சத்தம் வந்ததும் அப்படியே நகர்த்தினேன். பொறி என் புறங்கையில் விழுந்து தோலைத் துளைத்தது. கையை எடுக்கவில்லை. பொறி பட்டால் உதறக் கூடாது, உதறினால் பற்று கெட்டுவிடும். நைலான் சட்டை போட்டவன் என்றால் உருகித் தோலோடு ஒட்டியிருக்கும். பருத்திச் சட்டை என்பதால் ஓட்டையோடு போனது.

கேட்டுக்கு வெளியே இளையவன் ஒரு முழ தூரத்தில் குத்த வைத்திருந்தான். அவன் முகத்துக்கு நேரேதான் கீல். மூத்தவன் மேலேயிருந்து குனிந்து பார்த்தான். பற்ற வைக்கிற வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று எங்கள் பட்டறைப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கடப்பாரை நழுவாமல் இருக்க அதைப் பார்த்துத்தான் நெம்ப வேண்டும். பார்த்துக்கொண்டே நெம்பினான்.

முதல் பற்று சிவந்து இருக்கும்போதே அவன் நெம்பிவிட்டான். சூடான பற்று வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுக் கிழிந்தது. சிவப்பு அடங்காத இணைப்பை அசைக்கவே கூடாது, எவ்வளவு தடிப்பாக வைத்திருந்தாலும் நிற்காது. "இறங்கிராத, செத்த நேரம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, கிழிந்த இடத்திலேயே ராடை மறுபடி வைத்தேன். அது தீர்ந்ததும் அடுத்ததைச் சொருகினேன். மூத்தவன் அவள் கால் விரல்களை மிதிக்க எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். அவள் தன் பாரம் முழுவதையும் கீல் பக்கமாகச் சாய்த்தாள். கேட் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்தபோது வாஷர் கருத்திருந்தது.

இளையவன் உடம்பை முழுதும் கடப்பாரையின் மேல் போட்டு அழுத்தினான். கடப்பாரைதான் வளைந்தது. கேட் எழும்பவில்லை. அவன் கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டு, கம்பிக்குள் கையை விட்டு, அந்த வாஷரைத் திருகிப் பிடுங்கப் பிடித்தான்.

சிவந்த இரும்பை யாரும் தொட மாட்டார்கள். கருத்த இரும்பு ஆறிவிட்டது என்று நினைப்பார்கள். பட்டறையில் கை வெந்தவர்கள் எல்லோரும் கருத்த இரும்பில் வெந்தவர்கள்தான். அவன் உள்ளங்கை அதில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது தோல் கீலிலேயே தங்கிப் புகைந்தது. அவன் போட்ட சத்தத்தில் மூத்தவன் அரிவாளைக் கீழே போட்டான். சந்து முனையில் தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் பேச்சு கேட்டது. இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அக்காவைக் கேட்டிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. முழங்கை மடங்கியபடியே இருந்தது, விரியவில்லை. மூன்று விரல் கறுத்து வீங்கியிருந்தது. "திறக்கலாமா?" என்று கேட்டாள். கண்ணைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பொழுது சாயும்போது என் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி அரிக்க ஆரம்பித்தது. அது எனக்குப் பழகியதுதான். பற்ற வைக்கிற வெளிச்சம் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். இமைக்குக் கீழே கண்ணாடித் தூள் உருளுகிற மாதிரி இருக்கும், தண்ணீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு இருட்டில் படுத்தேன். கண்ணைத் தேய்க்காமல் இருந்தால் ஒரு நாள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

மறுநாள் காலையில் மூத்தவனின் பெண்டாட்டி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். இளையவன் கையில் இலையை அரைத்துக் கட்டிவிட்டு, இரண்டு பேரும் தேர் நிலைக்கு வருகிறபோது வடத்தைத் தொடப் போனார்களாம். பொழுது இறங்கியதும் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் கண் போய்விட்டதாம். சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்துகிறார்களாம்.

"தாயார் தேர்ல வார நாள்ல தாலியறுத்தவ மேல கை வச்சோம், அதான் கண்ணைப் பிடுங்கிட்டாள்னு அவியளே சொல்லுதாவ. நீங்க ஒரு வார்த்தை சொல்லி தண்ணி தெளிச்சு விடுங்கக்கா" என்றாள்.

கையில் வெந்த புண்ணை மெஷின் கணக்கில் எழுதினவர்கள், கண்ணைத் தாயார் கணக்கில் எழுதியிருந்தார்கள். பகலில் பார்த்த வெளிச்சம் ராத்திரி வந்து கண்ணைக் குத்தும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"நெசமாவே கண்ணு போயிருச்சால?"

"இல்லக்கா. நாளைக்குத் திறந்துரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா சொல்லிருவாவளா?"

"வெல்டிங் வெளிச்சம்னு பாத்த உடனே சொல்லிருவாங்க."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து, உதட்டில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள். "அப்போ இன்னைக்கே முடிச்சிரணும். நீ ஒண்ணும் பேசாத. அதான் உனக்கு வரும்லா" என்றாள்.

வெளியே போய் அந்தப் பெண்ணிடம், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வா, தெருப் பெரியவர்களையும் கூப்பிடு, சூடம் அணைத்துச் சத்தியம் செய்தால் தண்ணீர் தெளிக்கிறேன் என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் சந்து நிறைந்துவிட்டது. இரண்டு பேரையும் அவர்கள் பெண்டாட்டிமார் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார்கள். கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள், துணியையும் மீறிக் கண்ணீர் தாடைவரை வழிந்தது. பெரியவர்கள் அதைப் பார்த்து, மனம் திருந்தி அழுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து கம்பி வழியே ஒரு தட்டை நீட்டி, வெளியே படியில் வைத்தாள். அதில் சூடம் எரிந்தது. அந்த வீட்டுக்கும் தங்களுக்கும் இனி ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தைக் கையால் அறைந்து அணைக்க வேண்டும். மீறினால் வம்சம் அணைந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

மூத்தவன் சொன்னான். பெண்டாட்டி அவன் கையைச் சூடத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள், அடித்து அணைத்தான். அக்கா இன்னொரு சூடத்தை ஏற்றினாள். இளையவனின் வலது உள்ளங்கை இலைக்கட்டோடு பொதபொதவென்று இருந்தது. அவன் இடது கையை நீட்டினான்.

"இடது கையில செய்யிறது சத்தியம் இல்ல" என்றாள் அக்கா.

பெரியவர்களில் ஒருவர், கை வெந்திருக்கே தாயி என்று இழுத்தார். அவள் தன் கறுத்துப்போன மூன்று விரலையும் கம்பிக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். இளையவன் கட்டை அவிழ்த்தான். தோலில்லாத கையைத் தூக்கி, எரிகிற சூடத்தின் மேல் அடித்தான். முதல் அடி தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது, கல்லில். இரண்டாவது அடிதான் சூடத்தில் விழுந்தது. அவன் அப்படியே மடங்கிப் படியில் விழுந்தான்.

அக்கா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து இரண்டு பேர் முகத்திலும் வீசி அடித்தாள்.

கலைந்து போகும்போது ஒரு கிழவர் என்னைப் பார்த்து நின்றார். என் கண்ணும் சிவந்து வீங்கி ஒழுகிக்கொண்டிருந்தது. உனக்கு ஏன் இப்படி என்று கேட்டார்.

"எனக்காக ராத்திரி பூரா அழுதிருக்கான் தாத்தா" என்றாள் அக்கா.

மறுநாள் அவர்களுக்குக் கண் திறந்தது. அதை அக்காவின் தண்ணீர் என்று நம்பினார்கள். அவள் விரல்களில் இரண்டு சரியானது, ஒன்று கடைசிவரை மடங்கவில்லை. அந்த விரலை நீட்டியபடியே தறியில் ஊடு நூல் ஓடத்தை வீசக் கற்றுக்கொண்டாள். சந்தில் அவளைப் பார்த்தால் கொழுந்தன்மார் இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போவார்கள். அவள் நின்று, அவர்கள் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.